கண்ணாடிக் கதவுக்கு உள்ளே!

தர்மபுரி. ஞாயிற்றுக்கிழமை மாலை, மணி ஐந்து.

பெங்களூரையும் சேலத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலையில் லாரிகளும் பஸ்களும் இரைந்துகொண்டு ஓடின. சாலை ஓரத்தில் ஒரு புதிய கடை. திறந்து சில நாட்கள்தான் ஆகின்றன. வாசலில் கட்டிய மாவிலைத் தோரணம் இன்னும் காய்ந்து உதிரவில்லை.

கடையின் முன்பக்கம் முழுவதும் கண்ணாடி. உள்ளே பளிச்சென்று விளக்குகள். குளுகுளு வசதி. சுவரில் பெரிது பெரிதாக ரொட்டிப் படங்கள். அது சாண்ட்விச் கடை!

கடை வாசலில் மூன்று பேர் நின்றார்கள். தகப்பன், தாய், மகள்.

பென்னாகரம் பக்கத்துக் கிராமம் அவர்களுடையது. மகள் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. கையில் முதல் சம்பளம். அப்பாவுக்கு ஒரு வேட்டி, அம்மாவுக்கு ஒரு சேலை வாங்கியாயிற்று. அடுத்தது, அவர்கள் இதுவரை போகாத ஒரு கடைக்கு அழைத்துப் போய் சாப்பாடு வாங்கித் தர வேண்டும். அதுதான் அவள் ஆசை.

ஆனால், தாய் நகரவில்லை.

"நீ போய் வாங்கிட்டு வா கண்ணு. நாங்க வெளியிலேயே நிக்கிறோம்."

"ஏம்மா?"

"நம்மள எல்லாம் உள்ளே விடுவாங்களா?"

மகள் திகைத்துப் போனாள்.

கொட்டாங்குச்சித் தேநீர்

தாய்க்கு வயது ஐம்பது. அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது.

பத்து வயதில் அவள் தன் தாயோடு களை எடுக்கப் போவாள். மத்தியானம் தோட்டத்துக்காரர் வீட்டில் தேநீர் தருவார்கள். வீட்டுக்காரர்களுக்குப் பித்தளை டம்ளர். வேலைக்கு வந்தவர்களுக்குக் கொட்டாங்குச்சி! குடித்துவிட்டு அதை வேலி ஓரத்தில் போட்டுவிட வேண்டும். ஊர்த் தேநீர்க் கடையிலும் அவளுடைய தெருக்காரர்களுக்குத் தனிக் குவளை. பெஞ்சில் உட்காரக் கூடாது.

"அது அந்தக் காலம்" என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது. 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இதே தர்மபுரி மாவட்டத்தில், மொரப்பூர் பகுதியில், தோட்ட வேலைக்கு வந்த தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் தேநீர் கொடுத்ததாக இரண்டு பேர் கைது செய்யப்பட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1950-ஆம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி நடைமுறைக்கு வந்த இந்திய அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு தெளிவாகச் சொல்லுகிறது. கடை, ஓட்டல், பொது உணவுச் சாலை ஆகியவற்றுக்குள் நுழைய, சாதியையோ மதத்தையோ காட்டி யாரையும் தடுக்கக் கூடாது. 17-வது பிரிவு தீண்டாமையை அடியோடு ஒழித்தது. 1955-இல் வந்த சட்டம், ஓட்டலுக்குள் விடாமல் தடுப்பதையும், பொதுவாக வைத்திருக்கும் பாத்திரங்களைத் தொடவிடாமல் தடுப்பதையும் தண்டனைக்குரிய குற்றம் ஆக்கியது.

அதற்கு முன்பு நிலைமை எப்படி இருந்தது? ரயில் நிலையச் சாப்பாட்டு அறைகளில்கூட பிராமணர்களுக்கு ஓர் இடம், மற்றவர்களுக்கு வேறு இடம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். பலத்த கிளர்ச்சிக்குப் பிறகு, 1941-இல்தான் அந்தப் பிரிவினை நீங்கியது.

சட்டம் கதவைத் திறந்துவிட்டது. மனத்தில் இருக்கும் பயம் அவ்வளவு சீக்கிரம் போகுமா?

மகள் தாயின் கையைப் பிடித்தாள்.

"வாம்மா. எல்லோருக்கும் ஒரே வரிசைதான்."

கண்ணாடிக் கதவு திறந்தது. மூவரும் உள்ளே போனார்கள்.

ஆறு கேள்வி

உள்ளே நுழைந்ததும் தகப்பனுக்கு ஒரு சந்தேகம்.

"எங்கே உட்காருவது? சர்வர் வரலையே?"

அந்தக் கடையில் சர்வர் கிடையாது. நீளமான மேஜை. அதன்மேல் கண்ணாடித் தடுப்பு. தடுப்புக்குப் பின்னால் சின்னச் சின்னத் தொட்டிகளில் வெங்காயம், தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய், கீரை மாதிரி ஓர் இலை. கையுறை போட்ட ஒரு வாலிபன் நின்றான். வாடிக்கைக்காரர் வரிசையில் நின்று, தனக்கு என்ன வேண்டும் என்று சொல்ல வேண்டும். கண் முன்னாலேயே செய்து தருவார்கள்.

சுவரில் தொங்கிய விலைப்பட்டியல் ஆங்கிலத்தில் இருந்தது. வெளியே பெயர்ப்பலகையில் தமிழ் உண்டு. பலகையில் தமிழ்தான் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. ஆனால், பசியோடு வருகிறவன் படிப்பது விலைப்பட்டியலை அல்லவா?

தகப்பன் எட்டாம் வகுப்பு. தாய், பெரிய வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டவள். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பாள். இருவரும் பலகையைப் பார்த்தார்கள். பிறகு தரையைப் பார்த்தார்கள்.

மகள் மெதுவாகச் சொன்னாள்.

"படிக்கவே வேண்டாம்மா. அவர் கேட்பார். நீ பதில் சொன்னால் போதும்."

உண்மைதான். அங்கே கேட்கப்படும் கேள்விகள் ஆறு.

முதல் கேள்வி: எந்த ரொட்டி? வெள்ளை ரொட்டியா, கோதுமை ரொட்டியா, பல தானிய ரொட்டியா?

இரண்டாவது: எவ்வளவு நீளம்? ஆறு அங்குலமா, ஓர் அடியா? சாதாரணமாக ஒருவருக்கு ஆறு அங்குலம் போதும்.

மூன்றாவது: உள்ளே என்ன வைக்க வேண்டும்? பன்னீரா, உருளைக் கிழங்கு வடையா, கோழியா?

நான்காவது: சீஸ் வேண்டுமா? பாலில் செய்த கட்டி அது. சில கடைகளில் இதற்குத் தனிக் காசு. கேட்டுக்கொள்வது நல்லது.

ஐந்தாவது: ரொட்டியைச் சூடு பண்ணலாமா?

ஆறாவது: எந்தக் காய்கள், எந்தச் சாறு? காரமா, இனிப்பா, புளிப்பா?

அவ்வளவுதான்! இந்த ஆறு கேள்விக்கும் தமிழிலேயே பதில் சொல்லலாம்.

வாலிபன் தாயைப் பார்த்தான்.

"அம்மா, உங்களுக்கு எந்த ரொட்டி?"

"அம்மா" என்றான்! தாயின் முகத்தில் இருந்த இறுக்கம் சற்றே தளர்ந்தது.

அவளுக்கும் ஒரு கேள்வி இருந்தது. கேட்டுவிட்டாள்.

"கேழ்வரகு ரொட்டி இருக்கா தம்பி?"

பின்னால் நின்ற இரண்டு கல்லூரி மாணவர்கள் சிரித்தார்கள். வாலிபன் சிரிக்கவில்லை.

"பல தானிய ரொட்டி இருக்குது அம்மா. கேழ்வரகு மட்டும் தனியா இல்லை."

"சரி, அதையே போடு."

தாய்க்குப் பன்னீர். தகப்பனுக்குக் கோழி. மகளுக்கு உருளைக் கிழங்கு வடை.

கடனில் பிறந்த கடை

ரொட்டி சூடாகட்டும். அதற்குள், இந்த மாதிரிக் கடை எப்படித் தோன்றியது என்று பார்த்து விடலாம்.

சாண்ட்விச் என்பது இங்கிலாந்தில் கென்ட் பகுதியில் உள்ள ஓர் ஊரின் பெயர். 18-ஆம் நூற்றாண்டில் அந்த ஊர்ப் பட்டத்தைத் தாங்கிய பிரபு ஒருவர் இருந்தார். ஜான் மாண்டேகு என்று பெயர். அவர் சீட்டு ஆடும் மேஜையை விட்டு எழுந்திருக்க மனம் இல்லாமல், இறைச்சியை இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவே வைத்துக் கொண்டு வரச் சொன்னாராம். கரண்டி, முள் எதுவும் இல்லாமல் கையாலேயே தின்றாராம். இப்படி ஒரு கதை உண்டு. 1762-இலேயே சாண்ட்விச் என்ற சொல் எழுத்தில் வந்துவிட்டது.

உலகம் முழுவதும் கிளை பரப்பிய சாண்ட்விச் கடைகளில் பெரியது 'சப்வே'. அதன் கதை இன்னும் ருசியானது.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் பிரிட்ஜ்போர்ட் என்று ஓர் ஊர். அங்கே பிரெட் டிலூக்கா என்ற பதினேழு வயதுப் பையன் இருந்தான். டாக்டருக்குப் படிக்க ஆசை. கையில் பணம் இல்லை. குடும்ப நண்பர் பீட்டர் பக் என்ற அணு விஞ்ஞானியிடம் போய் யோசனை கேட்டான்.

"சாண்ட்விச் கடை வை" என்பது அவர் சொன்ன யோசனை. ஆயிரம் டாலர் பணமும் கொடுத்தார்.

1965-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி கடை திறந்தது. பிறகு வியாபாரம் படுத்துவிட்டது. வேறு யாராவது என்றால் கடையை மூடி இருப்பார்கள். இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இரண்டாவது கடையைத் திறந்தார்கள்! 'வியாபாரம் நன்றாக நடக்கிறது போலிருக்கிறது' என்று ஊரார் நினைக்கட்டும் என்பது அவர்கள் தந்திரம்.

1974-இல் ஒரு புதிய வழி பிறந்தது. கடை வைக்க விரும்புகிறவர்கள் சொந்தப் பணம் போட்டு வைக்கலாம். பெயரும் செய்முறையும் கம்பெனியுடையவை. விற்பனையில் ஒரு பங்கைக் கம்பெனிக்குக் கட்ட வேண்டும். இந்த முறையில் கடைகள் மளமளவென்று பெருகின. இன்று நூறுக்கு மேற்பட்ட நாடுகளில் ஏறக்குறைய 37 ஆயிரம் கடைகள்!

டாக்டர் ஆக நினைத்த டிலூக்கா கடைசி வரை டாக்டர் ஆகவில்லை. 2015-இல் காலமானார்.

இதில் ஓர் அதிசய ஒற்றுமை உண்டு. சேலத்திலிருந்து பிரிந்து தர்மபுரி தனி மாவட்டம் ஆனதும் அதே 1965-ஆம் ஆண்டுதான். தேதி அக்டோபர் 2. அந்த முதல் கடைக்கும் தர்மபுரி மாவட்டத்துக்கும் வயதில் ஐந்து வாரமே வித்தியாசம்!

இந்தியாவுக்கு வந்தது

2001-இல் சப்வே இந்தியாவுக்கு வந்தது. முதல் கடை டெல்லியில். இந்த நாட்டு வழக்கத்துக்கு ஏற்பக் கடையும் மாறியது. மாட்டிறைச்சி இல்லை. சைவப் பண்டங்கள் அதிகம். 2012-இல் பஞ்சாபில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் முழுக்க முழுக்க சைவக் கடையே திறந்தார்கள்.

2021-இல் இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளுக்கும் சேர்த்து ஒரு பெரிய ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. பத்து ஆண்டுகளில் 2,000 கடைகளுக்கு மேல் ஆக்குவது என்று திட்டம். மற்றக் கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. அதனால்தான், பெரிய நகரங்களில் மட்டும் இருந்த இந்த மாதிரிக் கடைகள், சின்ன ஊர்களையும் நெடுஞ்சாலை ஓரங்களையும் தேடி வருகின்றன.

அளந்து பார்த்த பையன்

வாலிபன் ரொட்டியைப் பிளந்தான். பன்னீரை அடுக்கினான். காய்களைத் தூவினான். கறுப்பு வளையம் போல ஒன்றை எடுத்தான்.

"இது என்ன தம்பி?" என்றாள் தாய்.

"ஆலிவ் காய் அம்மா. கொஞ்சம் உப்பும் கசப்புமா இருக்கும்."

"அது வேண்டாம். வெங்காயம் இன்னும் கொஞ்சம் போடு."

போட்டான்.

தகப்பனுக்கு ஆச்சரியம். "இவ்வளவு கேட்கலாமா?" என்று மகளிடம் கிசுகிசுத்தார்.

தாராளமாகக் கேட்கலாம். கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு.

2013-ஆம் ஆண்டு, ஆஸ்திரேலியாவில் ஒரு பையன் ஓர் அடி நீள சாண்ட்விச் வாங்கினான். சந்தேகம் வந்தது. அளவு நாடாவை எடுத்து வைத்துப் பார்த்தான். பதினோரு அங்குலம்! ஓர் அடிக்குப் பன்னிரண்டு அங்குலம் அல்லவா? படம் எடுத்து உலகத்துக்குக் காட்டினான்.

பெரிய பரபரப்பு. அமெரிக்காவில் வழக்கு நடந்தது. 'மாவின் எடை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். வேகும்போது நீளம் சற்றுக் கூடும், குறையும்' என்று கம்பெனி விளக்கியது. ஆனாலும், இனி ரொட்டியை அளந்து பார்க்கிறோம் என்று ஒப்புக்கொண்டது. அந்த சமரசத்தால் வாடிக்கைக்காரருக்கு ஒரு பயனும் இல்லை, வக்கீல்களுக்குத்தான் பணம் என்று 2017-இல் மேல் கோர்ட்டு அதைத் தள்ளிவிட்டது. அது வேறு கதை.

ஒரு பையன் கையில் இருந்த அளவு நாடா அவ்வளவு பெரிய கம்பெனியைப் பதில் சொல்ல வைத்தது!

2020-இல் அயர்லாந்து நாட்டு உச்ச நீதிமன்றத்தில் இன்னொரு வேடிக்கை. அந்த நாட்டு வரிச் சட்டப்படி ரொட்டி என்றால், மாவின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது. அங்கே சப்வே ரொட்டியில் நூற்றுக்குப் பத்து பங்கு இருந்தது. "வரிச் சலுகை பெறும் ரொட்டி அல்ல இது" என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள்.

இனிப்பாகத் தெரியாத பண்டத்திலும் சர்க்கரை ஒளிந்திருக்கும். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பார்க்க வேண்டியவை

இந்த மாதிரிக் கடைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் சில விஷயங்களைத் தெரிந்து வைத்துக் கொள்வது நல்லது.

பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருந்தால் அது சைவம். பழுப்புச் சதுரத்துக்குள் முக்கோணம் இருந்தால் அசைவம். எழுத்துத் தெரியாதவர்களும் இதைப் பார்த்துத் தெரிந்து கொள்ளலாம்.

அசைவம் தொட்ட கையுறையோடு சைவத்தைத் தொட்டால், "மாற்றிக் கொள்ளுங்கள்" என்று சொல்லலாம்.

பத்தும் அதற்கு மேலும் கிளைகள் உள்ள கடைகள், ஒவ்வொரு பண்டத்துக்கும் எதிரே அதன் கலோரி அளவை எழுத வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் விதி கூறுகிறது. விலைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த எண்ணையும் பார்க்க வேண்டும்.

சாறுகளிலும் சீஸிலும் உப்பு அதிகம். ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஐந்து கிராம் உப்புக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் "சாறு கொஞ்சமாகப் போடுங்கள்" என்று சொல்லிவிடலாம்.

பணம் கொடுத்தால் பில் கேட்டு வாங்க வேண்டும். குறை இருந்தால் அங்கேயே சொல்லலாம். தீரவில்லை என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இரண்டு நாள் கூலி

மூவரும் மேஜையில் உட்கார்ந்தார்கள். காகிதத்தைப் பிரித்தார்கள்.

தாய் ஒரு கடி கடித்தாள். இந்தப் பக்கம் கடித்தால் அந்தப் பக்கம் வெங்காயம் விழுந்தது! மகள் சிரித்தாள். தாயும் சிரித்தாள்.

"எப்படி அம்மா இருக்குது?"

"ரொட்டி மெத்துனு இருக்குது. காய் பச்சையா இருக்குது. ஆனா, தின்ன மாதிரியே இல்லை. நம்ம களி ஓர் உருண்டை தின்னா, பொழுது சாயற வரைக்கும் தாங்கும்."

அவள் சொன்னதில் உண்மை உண்டு. தர்மபுரி, கேழ்வரகு பூமி. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லி கிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. 2023-இல் தமிழக அரசு ரேஷன் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கும் திட்டத்தை முதன்முதலில் தொடங்கியது நீலகிரியிலும் தர்மபுரியிலும்தான்.

களியைத் தட்டில் வைத்து, நடுவில் குழி பறித்து, குழம்பை ஊற்றிக் கையால் எடுத்துத் தின்கிறார்கள். ரொட்டியைப் பிளந்து, நடுவில் காயை வைத்துக் கையால் பிடித்துத் தின்கிறார்கள். இரண்டும் உழைக்கிறவனின் அவசரத்துக்கும் பசிக்கும் ஏற்ற சாப்பாடுதான்.

தகப்பன் பில்லை எடுத்துப் பார்த்தார். ஆறு நூறு ரூபாயைத் தாண்டி இருந்தது. அதில் நூற்றுக்கு ஐந்து ரூபாய் ஜி.எஸ்.டி. வரி.

அவர் மனம் கணக்குப் போட்டது. 2025-26-ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி, நாளைக்கு 336 ரூபாய். அப்படியானால், ஏறக்குறைய இரண்டு நாள் கூலி ஒரு மாலைச் சிற்றுண்டிக்குப் போய்விட்டது!

"அடிக்கடி வர்ற இடம் இல்லை கண்ணு" என்றார்.

"அடிக்கடி வர வேண்டாம் அப்பா. ஆனா, வர முடியாத இடம்னு நினைக்க வேண்டாம்" என்றாள் மகள்.

தகப்பன் பதில் பேசவில்லை. பில்லை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டார்.

பக்கத்து மேஜையில், காரில் வந்த ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. அவர்களுக்கும் அதே காகிதம். அதே தட்டு. அதே காகித டம்ளர்.

தாய் அதைப் பார்த்தாள். தன் கையில் இருந்த டம்ளரையும் பார்த்தாள். தண்ணீரைக் குடித்து முடித்தாள். மற்றவர்கள் போட்ட அதே குப்பைத் தொட்டியில் அதையும் போட்டாள்.

வாசலில் இருவர்

மணி ஆறரை. மூவரும் வெளியே வந்தார்கள்.

வாசலில் ஒரு கிழவரும் அவர் மனைவியும் நின்றார்கள். கூடவே ஒரு பேரன். பையன் கண்ணாடியில் மூக்கை ஒட்டி உள்ளே பார்த்துக் கொண்டிருந்தான். கிழவர் தயங்கித் தயங்கி நின்றார்.

ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பு அதே இடத்தில்தான் அந்தத் தாயும் நின்றாள்.

அவள் அவர்களிடம் போனாள்.

"உள்ளே போங்க ஐயா. எல்லாருக்கும் ஒரே வரிசைதான். விலையை முதல்ல கேட்டுக்குங்க. என்ன வேணும்னு தமிழ்லேயே சொல்லுங்க. போட்டுத் தருவாங்க."

பிறகு, கண்ணாடிக் கதவை அவளே திறந்து பிடித்துக் கொண்டாள்.